எதை ஏற்றப் போகிறீர்கள்?

உத்திரமேரூர் வட்டாரத்தில் முதல் லோடு வண்டி வாங்கக் கிளம்பியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்குப் பிறகு நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்குகிறார்கள். திரும்பி வரும்போது கையில் விலைப்பட்டியல் இருக்கிறது. “அண்ணே, இதுல எதை எடுக்கலாம்?” என்று நீட்டுகிறார்கள். லோடு வண்டி ஓட்டியே பிழைத்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “எதை ஏத்தப் போறீங்க?” பெரும்பாலும் வரும் பதில், “எது கிடைச்சாலும்”. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு வண்டி வாங்க வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் என்ஜின், 16 குதிரைசக்தி, முக்கால் டன் பாரம். நம் ஊர் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தது. அதற்கு முன்னால் பத்து மூட்டை நெல் போக வேண்டுமென்றாலும் டிராக்டருக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது மூன்று சக்கர ஆட்டோவில் பயந்து பயந்து ஏற்ற வேண்டும். அப்போது தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. கிடைத்ததை வாங்கினோம். 2011-ல் ஓசூரிலிருந்து தோஸ்த் வந்தது, 2016-ல் மாருதியின் சூப்பர் கேரி, 2019-ல் இன்ட்ரா, 2020-ல் படா தோஸ்த். மகிந்திராவில் பொலேரோ பிக்கப், ஜீட்டோ, சுப்ரோ என்று தனி வரிசை. ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு ரகம். விற்பனைப் பையன் நிறத்தையும் முகப்பையும் பாட்டுப் பெட்டியையும் காட்டுகிறான். அவன் வேலை அது. உங்கள் வேலை, அந்தத் தாளில் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் இரண்டு எண்களைத் தேடுவது. ஒன்று, வண்டியும் பாரமும் சேர்ந்த மொத்த எடை. மற்றொன்று, வெறும் வண்டியின் எடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. ஓட்டுநரும் பக்கத்தில் உட்காருபவரும் அந்தக் கணக்குக்குள்தான் வருவார்கள்.

இதை நம் ஊர் லோடுகளில் வைத்துப் பார்ப்போம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு 40 கிலோ. ஆள் எடையைக் கழிக்காமல் பார்த்தாலே முக்கால் டன் வண்டியில் 18 மூட்டை, ஒன்றேகால் டன்னில் 31, ஒன்றரை டன்னில் 37. நவரை அறுவடையில் எல்லோரும் ஒரே வாரத்தில் களத்துக்கு வரும்போது, இரண்டு நடைக்கும் மூன்று நடைக்கும் உள்ள வித்தியாசம் டீசல் மட்டுமல்ல. அடுத்த வீட்டு வாடகையும் கைநழுவிப் போகும்.

இனி சாலவாக்கம், எடமச்சிப் பக்கம் வாருங்கள். கிரஷரிலிருந்து எம்-சாண்டும் ஜல்லியும் எடுத்து வீடு கட்டுபவர்களுக்குக் கொடுக்கலாம் என்று பலருக்கு எண்ணம். ஒரு கன அடி எம்-சாண்ட் ஏறத்தாழ 45 முதல் 50 கிலோ. ஏழு அடி நீளம், ஐந்து அடி அகலம் உள்ள தொட்டியில் அரை அடி உயரத்துக்குப் பரப்பினாலே பதினேழு கன அடிக்கு மேல் வந்துவிடும். அதாவது எண்ணூறு கிலோவைத் தொட்டாயிற்று. கண்ணுக்கோ தொட்டியில் பாதி காலியாகத் தெரியும். “இன்னும் நாலு கூடை போடு” என்று வீட்டுக்காரர் சொல்வார். நீங்களும் தொட்டி நிறையும் வரை போடுவீர்கள். முக்கால் டன் வண்டி அங்கே ஒன்றரை டன் சுமக்கும்.

அப்படி ஏற்றிப் பிடிபட்டால், 2019 திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஆனால் நான் அபராதத்தைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தவில்லை. “கமான் பட்டை ரெண்டு கூட்டிட்டா தாங்கும்ணே” என்கிறீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும். பட்டை கூட்டினால் வண்டியின் பின்புறம் அமிழாது. அவ்வளவுதான் நடக்கும். பிரேக் அதே பிரேக். அச்சு அதே அச்சு. டயரும் சக்கரத் தாங்கியும் ஸ்டியரிங்கும் கம்பெனி எந்த எடைக்குச் செய்ததோ அதே எடைக்குத்தான் இருக்கின்றன. வண்டி நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து ஓட்டுபவருக்குத் தைரியம் வருகிறது. குவாரி டிப்பர்கள் எதிரே வரும் சாலையில் திடீரென மிதிக்கும்போது அந்தத் தைரியம் உதவாது. மண், ஜல்லி, ஹாலோ பிளாக் என்று கனத்த லோடுதான் உங்கள் பிழைப்பு என்றால், ஷோரூமிலேயே பெரிய பார வண்டியை எடுங்கள். பணம் போதவில்லையென்றால் அந்தத் தொழிலை இன்னொரு வருடம் தள்ளி வையுங்கள்.

வைக்கோல் இதற்கு நேர் எதிர். எடை இல்லை, இடம் வேண்டும். வைக்கோல், பந்தல் சாமான், பிளாஸ்டிக் நாற்காலி, காலி அட்டைப்பெட்டி இவற்றுக்கு எட்டு அடி, ஒன்பது அடித் தொட்டி உள்ள ரகம் பார்க்கலாம். பெரிய என்ஜினுக்குக் கொடுக்கும் பணம் வீண். நீளத்தை வாங்கிவிட்டால் உயரத்தில் ஏற்றும் ஆசை குறையும். வைக்கோல் வண்டி தாழ்ந்து தொங்கும் மின்கம்பியில் உரசித் தீப்பிடித்த செய்தி வராத வருடம் இருக்கிறதா?

கேன் தண்ணீர் போடுபவர்கள் எளிதாகக் கணக்கிடலாம். இருபது லிட்டர் கேன் என்றால் இருபது கிலோவும் கேனின் எடையும். ஆள் எடையைக் கழிக்காவிட்டாலும் முக்கால் டன் வண்டியில் முப்பத்தைந்து கேன்தான் நியாயம். அதற்காக இரும்புத் தட்டு அடித்துப் பாடி கட்டுகிறீர்கள் என்றால், அந்த இரும்பின் எடையும் உங்கள் பாரத்திலிருந்தே கழியும். வெறும் சேஸிஸும் கேபினும் வாங்கி வெளியில் பாடி கட்டுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கனத்த இரும்பில் கட்டிய பாடி இருநூறு கிலோ தின்றுவிட்டால், வண்டி இருக்கும் நாள் வரைக்கும் ஒவ்வொரு நடையிலும் பத்துக் கேன் குறைவாகத்தான் போகும்.

அதனால் ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஒரு காகிதம் எடுங்கள். கடந்த ஒரு வருடத்தில் உங்கள் வீட்டிலும் தெருவிலும் யார் யார் எதற்காக லோடு வண்டி பிடித்தார்கள், எங்கே போனார்கள், எவ்வளவு எடை என்று எழுதுங்கள். எது அதிகம் வருகிறதோ அதற்கு வண்டி வாங்குங்கள். எப்போதாவது வரும் பெரிய லோடுக்கு இன்னொருவர் வண்டியை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

பெரிது வாங்கினால் எப்படியும் நல்லது என்று நினைப்பவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 66-வது பிரிவின்படி மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. தாண்டினால் தேவை. ஒரே பெயரில் வரும் வண்டியிலேயே சில ரகங்கள் இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும், சில மூன்றரை டன்னை ஒட்டி அந்தப் பக்கமும் நிற்கின்றன. உரிமம் விஷயத்தில் பயம் வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக வாகன உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம், தனியாகப் பேட்ஜ் எழுதி வாங்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. பேட்ஜ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் இதைச் சொல்லுங்கள். எஃப்.சி. எனும் தகுதிச் சான்று முதல் எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடா வருடம்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம் கேபின்.

நம் சிறு வண்டிகள் பலவற்றில் என்ஜின் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு மேலே தகரம் கொதிக்கிறது, கீழே என்ஜின் கொதிக்கிறது, நடுவில் மனிதன். ஜன்னலைத் திறந்தால் குவாரித் தூசி. அப்படியே செங்கல்பட்டு வரைக்கும் போய், ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஊர்ந்து, இறக்கி, திரும்பி வர வேண்டும். இப்படி ஓட்டி வருபவர் இரவு வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச முடியாமல் படுத்துவிடுகிறார். நான் படுத்திருக்கிறேன். என் தலைமுறை அதை உழைப்பின் பெருமை என்று எண்ணிக்கொண்டது. நீங்கள் அப்படி எண்ண வேண்டாம்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நல்ல விதி. ஆனால் அது மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான். நம் வண்டிகள் அதற்குக் கீழே நின்றுவிட்டன. பெரிய லாரி ஓட்டுநருக்கு அடிக்கும் அதே வெயில்தான் குட்டி யானை ஓட்டுநருக்கும் அடிக்கிறது. அடுத்த முறை விதியைத் திருத்தும்போது இந்த எல்லையை இறக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும், சங்கமாகச் சேர்ந்து கேட்க வேண்டும். அதுவரை, ஏ.சி. உள்ள ரகம் உங்கள் விலைப்பட்டியலில் இருந்தால் அதை ஆடம்பரம் என்று அடித்துவிடாதீர்கள். வெளியில் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்பதும் வேண்டாம். கம்பிரசர், வயரிங், பெல்ட் எல்லாவற்றிலும் வெளிக்கடையில் கை வைத்தால் வாரண்டியில் தகராறு வரும். சின்ன என்ஜினுக்கு அந்தச் சுமை ஒத்துவருமா என்பதும் கம்பெனிக்குத்தான் தெரியும்.

பவர் ஸ்டியரிங் அதைவிட முந்தியது. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் என் கை பவர் ஸ்டியரிங் பக்கம்தான் போகும். நிறைந்த லோடோடு நம் தெருமுனைகளில் வண்டியைப் பின்னால் எடுத்து, முன்னால் எடுத்து, மறுபடி பின்னால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். தோள்பட்டை தேய்வது ஐந்தாறு வருடம் கழித்துத்தான் தெரிய வரும். இன்னொரு காரணமும் உண்டு. சுய உதவிக் குழுக்களில் இருக்கும் தங்கைகள் சிலர் பால், காய்கறி வண்டியைத் தாங்களே ஓட்டப் போவதாகச் சொல்கிறார்கள். மகிழ்ச்சியான செய்தி அது. நீங்கள் ஷோரூமில் வண்டியைப் பார்க்கும்போது கணவரையோ அண்ணனையோ உட்கார வைத்துப் பார்க்காதீர்கள். நீங்களே ஏறி உட்காருங்கள். கிளட்ச் முழுதாக மிதிபடுகிறதா, கண்ணாடியில் பின் சக்கரம் தெரிகிறதா, இருக்கை முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பாருங்கள். நகராத இருக்கையை எந்தக் கடையிலும் நகர வைக்க முடியாது.

முகப்பு தட்டையாக இருக்கும் வண்டியில் ஓட்டுபவரின் முழங்காலுக்கும் எதிரே வருவதற்கும் நடுவில் ஒரு தகடுதான். இரவு நேரத்தில் கோயம்பேட்டுக்குக் காய்கறி அடிப்பதுதான் தொழில் என்றால், மூக்கு நீண்ட வண்டியை யோசியுங்கள் என்பது என் கட்சி. விலை கூடும், சந்தில் திருப்புவது கடினம், உண்மைதான். நெடுஞ்சாலையில் தூக்கம் கண்ணைச் சுழற்றும் விடியற்காலை மூன்று மணியை நினைத்துச் சொல்கிறேன்.

இப்போது ஒரு கசப்பான பேச்சு. வண்டி வந்ததும் முதலில் வரும் வாடகை நெல்லுக்கோ மணலுக்கோ இராது. “நாத்து நட ஆளுங்கள ஏத்தி விடுப்பா”, “கல்யாணத்துக்கு நம்ம தெரு ஆளுங்க இருபது பேர்”, “கோயிலுக்குப் போய் வந்துடலாம்” என்று வரும். கேட்பவர்கள் அத்தை, சித்தப்பா, பெரியம்மா. மறுக்க வாய் வராது. ஆனால் சரக்கு வண்டியின் தொட்டியில் ஏறிய பயணிகளுக்கு இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் 2002-லேயே சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரரோ, அவர் அனுப்பிய ஆளோ சரக்கோடு வந்தால் அது வேறு. மற்றவர்களுக்கு ஏதாவது ஆனால், வழக்கு உங்கள் பெயரில், வண்டி போலீஸ் ஸ்டேஷனில், டியூ மட்டும் மாதா மாதம். செத்துப்போனவர் உங்கள் சொந்த அத்தையாகவே இருப்பார்.

கொத்தனார், சித்தாள் என்று தினமும் நாலு பேரை வேலைக்குக் கூட்டிப் போக வேண்டிய மேஸ்திரிகள் இதற்காகவே பின்னிருக்கையோடு வரும் இரட்டைக் கேபின் வண்டியைப் பார்க்கலாம். பொலேரோ கேம்பர் அந்த வகை. ஆர்.சி. புக்கில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை பேரும் கூரைக்குக் கீழே பெல்ட் போட்டு உட்காரலாம். லோடுமேன்களை வைத்திருப்பவர்கள் காப்பீடு போடும்போதே அவர்களையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கூடுதல் பிரீமியம் சொற்பம்.

எரிபொருளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பார வண்டி, தூர ஓட்டம் என்றால் டீசல். ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருந்தால், அது சூடேறி எரிந்து சுத்தமாக நல்ல ஓட்டம் வேண்டும். கடைவீதிக்கும் திருப்புலிவனத்துக்கும் மட்டும் போய்வரும் வண்டிக்கு அந்த ஓட்டம் கிடைக்காது. அவர்கள் பெட்ரோல் வண்டியையோ சி.என்.ஜி. வண்டியையோ பார்ப்பது நல்லது. சி.என்.ஜி. உருளையின் எடை வண்டியின் எடையோடு சேரும் என்பதை மறக்க வேண்டாம். மின்சார வண்டி? 2022-ல் வந்த ஏஸ் மின்வண்டிக்குச் சான்றளித்த தூரம் ஒரு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர். லோடோடு, நம் சாலையில், அதற்கும் குறையும். கோயம்பேடு போய்வர அது போதாது. கேன் தண்ணீர், பால், மளிகை என்று நாளெல்லாம் ஊருக்குள்ளேயே சுற்றி இரவு வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்குப் போதும். அப்படிப்பட்டவர்கள் கட்டாயம் ஒரு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கடைசியாகப் பணம். வண்டியோடு சேர்த்துக் கடனில் போட்டுவிடுகிறோம் என்று முன் பம்பர், கேரியர், சீட் கவர், ஸ்பீக்கர் செட், விளக்கு என்று நாற்பதாயிரத்துக்கு ஒரு பட்டியல் நீட்டுவார்கள். முன்னால் மாட்டும் அந்தக் கம்பி பம்பர் சட்ட விரோதம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. மற்றவற்றை ஆறு மாதம் ஓட்டிச் சம்பாதித்து, கையில் காசு கொடுத்து மாட்டுங்கள். ஒரு கணக்குப் பாருங்கள். ஆறு லட்சம் கடன், நாலு வருடம், “எட்டு சதவீத ஃபிளாட் வட்டிதான்” என்பார்கள். வட்டி மட்டும் 1,92,000. மாத டியூ 16,500. நீங்கள் அசலை மாதா மாதம் அடைத்துக்கொண்டே வந்தாலும், ஃபிளாட் வட்டி முழு ஆறு லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை போடப்படுகிறது. அதைக் குறையும் அசலுக்கு மாற்றிப் பார்த்தால் வட்டி பதினான்கு சதவீதத்தைத் தாண்டும். அந்தக் கணக்கில் நாற்பதாயிரம் ரூபாய் அலங்காரம் மாதம் 1,100 ரூபாய், முடிவில் 52,800. அதே நாற்பதாயிரத்தை ஏ.சி. உள்ள ரகத்துக்கோ, பவர் ஸ்டியரிங்குக்கோ, ஒரு படி கூடுதல் பாரத்துக்கோ கடனில் சேர்த்தால் நான் தடுக்க மாட்டேன். அவை தொழிற்சாலையில் மட்டுமே கிடைப்பவை.

“வட்டி ஃபிளாட்டா, குறையும் நிலுவைக்கா?” என்று கேட்டு, பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன் காஞ்சிபுரம் மாவட்டத் தொழில் மையத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 2023-ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம் உண்டு. வட்டியிலும் சலுகை உண்டு. வேலையில்லா இளைஞர்களுக்கான திட்டமும் அங்கேதான். உங்கள் வண்டி, உங்கள் தொழில் அதில் வருமா என்று அங்கேயே கேளுங்கள். முன்பணம் கட்டி வண்டியை எடுத்த பிறகு போனால் மானியத்துக்கு வழியிருக்காது என்பதால் முதலில் அங்கே, பிறகு ஷோரூம்.

ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் வண்டி எப்போதும் காலியாகத்தான் இருக்கும். லோடோடு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தர மாட்டேன் என்றால், அதே ரகத்தை வைத்திருக்கும் ஒருவரை மானாம்பதியிலோ பெருநகரிலோ தேடிப் பிடித்து, ஒரு நாள் அவரோடு லோடுக்குப் போய் வாருங்கள். ஏரிக்கரைச் சாலையில் ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுங்கள். இரண்டாவது கியரில் எடுபடுகிறதா, முதல் கியர் கேட்கிறதா என்று பாருங்கள். சர்வீஸுக்கு எங்கே விடுகிறார், உதிரிபாகம் எத்தனை நாளில் கிடைக்கிறது, கிளட்ச் எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். வண்டிக்காரர்கள் இதையெல்லாம் மறைக்காமல் சொல்வார்கள்.

எந்தக் கம்பெனி என்று நான் எழுதவில்லை என்று சிலருக்குக் குறையாக இருக்கும். லோடுக் கணக்கு எழுதிய காகிதத்தோடு வாருங்கள், உட்கார்ந்து பேசி அதையும் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர் லோடு வண்டிக்காரன்
உத்திரமேரூர்